நர்ஸம்மாவின் பொத்தான் கணக்கு

பரீட்சைக் கேள்விகள் திரையில் வருவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நர்ஸம்மா தன் இடது கையில் தானே பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொள்வார். பம்பை அழுத்துவார். முள் இறங்குவதை வேறு யாருடைய கையிலோ பார்ப்பதுபோலப் பார்ப்பார். நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். "நூத்தி நாப்பத்திரண்டு. போன பரீட்சைக்கு நூத்தி அம்பது. பயம் குறையுது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு முதல் கேள்வியைத் திறப்பார்.

என் தையல் பட்டறையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு முதலுதவி அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு குழாய், மருந்து அலமாரி. லேப்டாப்பைப் பஞ்சுப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் ஒரு கையால் சாப்பாடும் மறு கையால் மவுஸுமாக நர்ஸம்மா படித்துக்கொண்டிருப்பது அங்கேதான். வயது நாற்பத்தாறு. படிப்பது பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம், ஆன்லைனில். காலேஜ் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "இந்தப் பெட்டிக்குள்ளதான் முதலாளி, மூடினா லீவு" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓர் ஓட்டை மெஷினில் பழைய சட்டைக்குக் காலர் மாற்றிக் கொடுத்து ஆரம்பித்தேன். இன்று எழுபது மெஷின் இருக்கிறது, அறுபத்திரண்டு பெண்கள் தைக்கிறார்கள். இதையெல்லாம் நான் ஒளிப்பதில்லை. பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி இரண்டு முறை எழுதிவிட்டார்கள். இந்த முறை நானே நர்ஸம்மாவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் பட்டறையில் எனக்குத் தெரியாத ஒன்றை எனக்கே காட்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

அவரிடம் 'கொஞ்சம்', 'ரொம்ப' என்ற சொற்கள் செல்லாது. தலைவலி என்று ஒரு பெண் வந்து, "ரொம்ப நாளா இருக்குக்கா" என்றால், "ரொம்பன்னா எத்தனை? விரல்ல காட்டு" என்பார். அவள் இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டிய பிறகுதான் மாத்திரை அலமாரி திறக்கும். பாடக் குறிப்புகளைக் காலி மருந்து அட்டைகளின் பின்பக்கம் எழுதுவார். நேரம் போதாதென்று வகுப்பு வீடியோவை வேகமாக ஓடவிட்டுக் கேட்பார். அதில் பேராசிரியர் யாரையோ துரத்திக்கொண்டே பாடம் நடத்துவதுபோல இருக்கும். பட்டன் தைக்கும் பெண்கள் வாசலில் நின்று, "அக்கா, உங்க வாத்தியார் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறாரா?" என்று சிரிப்பார்கள்.

அவருடைய வீட்டுக்காரர் எங்கள் சரக்கு வேனை ஓட்டுகிறவர். "எனக்கு ரெண்டு பொண்டாட்டி முதலாளி. ஒருத்தி வேலைக்குப் போறா, ஒருத்தி காலேஜ் போறா. சமைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல, நானே பாத்துக்கறேன்" என்பார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் தெரிந்ததே இல்லை.

இந்த வயதில் இது எதற்கு என்று நான் கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். அப்போது ஊசி ஏறிய ஒரு விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் இது நாப்பத்தோராவது விரல். கட்டுப் போடுறது நர்ஸ் வேலை. நாப்பத்தோரு தடவை ஏன் ஏறுச்சுன்னு பாக்குறது இந்தப் படிப்பு" என்றார். படிக்காமலே எனக்குப் புரிந்தது.

கடைசிப் பருவத்தில் ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும். என் பட்டறைப் பெண்களில் நிறையப் பேர் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி என்று அவரிடம் வந்தபடி இருந்தார்கள். அதனால் வேலை நேரத்தில் யார் எத்தனை கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்டு, பெயர் இல்லாத படிவம் ஒன்று தயாரித்தார். பதினெட்டு நாளில் ஆய்வை அனுப்பியாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி.

இந்த இடத்தில்தான் நான் ஒத்தாசை செய்தேன்.

பரீட்சை என்றால் சரியான விடை என்று ஒன்று இருக்கும். அது முதலுதவி அறைச் சுவரில் படத்தோடு ஒட்டியே இருந்தது: ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "நம்ம அம்மா பாஸ் ஆகணும். எல்லாரையும் எட்டுன்னு எழுதச் சொல்லுப்பா, யாராவது மாத்தி எழுதித் தொலைக்கப்போறாங்க" என்றேன். என் பட்டறையில் நான் சொன்ன சொல் வீணாகாது. அறுபத்திரண்டு படிவமும் அன்று மாலைக்குள் நர்ஸம்மா வைத்திருந்த பெட்டிக்குள் போய்விட்டன.

மறுநாள் நர்ஸம்மா அந்தக் கட்டோடு என் அறைக்கு வந்தார்.

"முதலாளி, எல்லாரும் எட்டு. ஒருத்தர்கூட ஏழு இல்ல, ஒம்பது இல்ல."

"நல்லதுதானேம்மா! ஆரோக்கியமான ஆளுங்க."

"அறுபத்திரண்டு எட்டு நானூத்தித் தொண்ணூத்தாறு கிளாஸ். அதுக்கு அஞ்சு கேன் தண்ணி வேணும். நம்ம பட்டறையில தினம் எத்தனை கேன் இறங்குது?"

"ரெண்டு."

"ரெண்டு கேன்னா இருநூறு கிளாஸ். அதுலதான் டீயும் போடுறோம். மிச்சம் முன்னூறு கிளாஸ் எங்கேருந்து வந்துச்சு முதலாளி, மழை பேஞ்சுதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதையே அனுப்பிடும்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்று படிவக் கட்டை நான்காகக் கிழித்து என் குப்பைக் கூடையில் போட்டார். பதினெட்டு நாள் பதினேழு ஆகியிருந்தது.

வாயால் கேட்டால் முதலாளிக்குப் பிடித்த பதில்தான் வரும் என்று புரிந்துகொண்டவர், வாயை விட்டுவிட்டார். எங்களிடம் இருக்கும் நல்ல தையல்காரியை எல்லோரும் மின்னல் என்பார்கள். அவள் கழிவுத் துணியில் ஒரே மாதிரி அறுபத்திரண்டு சுருக்குப் பை தைத்துத் தந்தாள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பை. ஒரு கிளாஸ் குடித்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பொத்தான். மாலையில் வாயைக் கட்டி எல்லாப் பையையும் ஒரே வாளியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். எது யாருடையது என்று நர்ஸம்மாவுக்கே தெரியாது. ஆறு நாள் இது நடந்தது. சூப்பர்வைசர் வாளிப் பக்கம் போனால், "அண்ணே, பொத்தான் தைக்கணுமா?" என்று பெண்கள் விரட்டினார்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி இரண்டே கால் பொத்தான். வெறும் பைகளும் இருந்தன.

ஏன் என்று கேட்க அவர் மெஷின் மெஷினாகப் போனார். நானும் பின்னால் போனேன். என்னை எட்டவே நிற்கச் சொன்னார். ஆனாலும் மின்னலின் குரல் பட்டறைக்கே கேட்கிற குரல்.

"தண்ணி குடிச்சா போகணும்க்கா. போகணும்னா சாவி கேக்கணும். சாவியில ஒரு முழக் கட்டையைக் கட்டி வெச்சிருக்காங்க. அதைத் தூக்கிட்டுத் துணி வெட்டுற ஆம்பளைங்க முன்னாடி நடக்கணும். ஊர்வலம் போற மாதிரி இருக்கு. கொடி மட்டும்தான் இல்ல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கழிப்பறைக்குப் பூட்டு என் யோசனை. சாவியைச் சூப்பர்வைசர் மேசையில் வைத்தது என் யோசனை. சாவி தொலையாமலிருக்கக் கட்டையைக் கட்டியதும் நானேதான். பார்க்க வந்தவர்களிடம் எத்தனையோ முறை பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் நர்ஸம்மா ஆய்வறிக்கையையும் ஒரு கடிதத்தையும் என் மேசையில் வைத்தார். ஆய்வில் கண்டதை வெளியிட உரிமையாளர் சம்மதம் வேண்டுமாம். பட்டறையின் பெயர் வராது. பூட்டும் சாவியும் கட்டையும் மட்டும் வரும்.

"தரலைன்னாலும் தப்பில்ல முதலாளி. வேற இடம் தேடி மறுபடி ஆரம்பிப்பேன். ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான். ஆனா எட்டுன்னு எழுத மாட்டேன்."

"அவ்வளவுதான்" என்று சாதாரணமாகச் சொன்னார். சொல்லும்போது கடிதத்தின் ஓரத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை யாரும் வருவதற்கு முன் திருப்புளியோடு போய்ப் பூட்டைக் கழற்றினேன். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வைத்தேன். வெட்டும் பகுதி பக்கம் ஒரு தடுப்புப் பலகை அடித்தேன். எல்லாம் என் கையாலேயே. எழுபது மெஷினுக்கு முதலாளி ஆனாலும் திருப்புளி பிடிக்க மறக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டேன். நர்ஸம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து கோணலா இருக்கு, கை நடுங்குதா? உக்காருங்க, பிரஷர் பாக்கறேன்" என்றார். நூற்று அறுபது இருந்தது. எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார். இப்போது பட்டறையில் தினம் நான்கு கேன் இறங்குகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாய்மொழித் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. உரிமையாளரும் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்ததால் நான் சலவைச் சட்டையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அரைப் பட்டறை நின்றது. திரையில் மூன்று பேராசிரியர்கள். நர்ஸம்மா எண்களைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னார். என்னைக் கேட்டபோது பூட்டைக் கழற்றிய கதையைச் சொன்னேன்; முதல் மெஷின் வாங்கிய கதைக்கு வரும்போது லேப்டாப் மெல்ல நர்ஸம்மா பக்கம் திரும்பிவிட்டது.

பாஸ் என்ற செய்தி அன்று மாலையே வந்துவிட்டது. ஆனால் காலையில் அது யாருக்கும் தெரியாது. கடைசிக் கேள்வி வேறு பாக்கியிருந்தது. கண்ணாடி போட்ட பேராசிரியை கேட்டார்: "ஆறு வருஷமா நீங்களும் அதே இடத்துலதான் வேலை பாக்குறீங்க. உங்களுக்கும் ஒரு பை இருந்துச்சா?"

மின்னல் அவருக்கும் ஒன்று தைத்துக் கொடுத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நாற்காலியின் முதுகில் தொங்கிய பையை எடுத்தார். "இதை நான் வாளியில போடல மேடம். என் ஆறு நாள் கணக்கு மொத்தமும் இதுலயேதான் இருக்கு" என்று முடிச்சை அவிழ்த்துக் கேமராவுக்கு முன்னால் கவிழ்த்தார். நான்கு பொத்தான்கள் மேசையில் உருண்டன. ஒன்று ஓரத்துக்கு ஓடியது. அதை எட்டிப் பிடித்தார். நான்கையும் வரிசையாக வைத்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் தள்ளினார்.