கதிரேசன் உரித்த நான்கு டிஸ்க்குகள்

கோவை கணபதியில் கல்யாண வீடியோ எடுக்கும் கதிரேசனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்த கல்யாணம் எதையும் அழிக்க மாட்டார். கோபியில் எப்போதோ தாலி கட்டிய மாப்பிள்ளை, பென் டிரைவைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும், "இருக்குதுங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

இப்போது அந்த வார்த்தைக்குத்தான் ஆபத்து. அலமாரியிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எல்லாக் கல்யாணங்களையும் ஒரே இடத்தில் வைக்க, நான்கு பெரிய டிஸ்க் போட்ட பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்தார். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து காப்பாற்றிவிடும். பெட்டிக்குப் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. டிஸ்க் விலையைப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது.

தினமும் காலையில் காபியோடு விலை பார்த்தார். ஒருநாள் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. தனி டிஸ்க்கைவிட, அதையே பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து யுஎஸ்பி வயரோடு விற்பது மலிவு.

"உரிச்ச தேங்கா ஒரு வெல, மட்டையோட ஒரு வெல. நாம மட்டையோட வாங்கி உரிச்சுக்கலாம் அம்மணி," என்றார் மனைவி லோகப்பிரியாவிடம்.

"உரிச்சுப்போட்டா கடைக்காரன் திருப்பி எடுப்பானுங்களா?"

"எடுக்க மாட்டான்."

"உள்ள அழுகியிருந்தா?"

"நல்ல வார்த்த சொல்லு கண்ணு."

தள்ளுபடி வந்ததும் கையிலிருந்ததை வழித்து நான்கையும் வாங்கினார். ஆயுத பூஜையன்று காலையில், காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினார். சடக், சடக் என்று கூடுகள் பிளந்தன. மாட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அதற்குள் லோகப்பிரியா அவற்றைக் கேமராக்களோடு சாமி முன் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கும்பிட்டு வைத்ததை இனி மறுநாள்தான் எடுக்க முடியும்.

மறுநாள் பொட்டுகளைத் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டினார். முதல் டிஸ்க் சுற்றவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதும் அப்படியே.

"ஏனுங்க, எல்லாமே போச்சுங்களா?" பொரிகடலைத் தட்டோடு லோகப்பிரியா எட்டிப் பார்த்தார்.

"மூணு போச்சு. வேற வாங்கவும் வழியில்ல."

நான்காவது மட்டும் 'ம்ம்' என்று சுற்றியது. கதிரேசன் அதைக் கழற்றித் திருப்பினார். மின்சாரம் ஏறும் பொன்னிறக் கோடுகளின் ஓரத்தில் வழிந்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. "அடடா, இதத் தொடைக்காம உட்டுட்டனே!" என்று பதறி, சுத்தமாகத் துடைத்து மறுபடி மாட்டினார். அதுவும் செத்தது.

"நல்லா ஓடுனத எதுக்குங்க தொடச்சீங்க?"

சந்தனம் இருந்தவரை ஓடியது கதிரேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. பரபரவென்று போனில் தேடினார். விஷயம் அங்கே இருந்தது. இந்தப் புது வகை டிஸ்க்கில் மூன்றாவது கோட்டுக்கு மின்சாரம் வந்தால் அது தூங்கிவிடும். பழைய கம்ப்யூட்டரின் வயரோ அங்கே ஓயாமல் மின்சாரம் தரும். அந்தக் கோட்டைத் துளி டேப் ஒட்டி மறைத்தால் போதும்.

"நாஞ் சந்தனத்துலயே மறச்சிருக்கறேன், டேப்பு எதுக்குங்க?"

"ஆமா, தெனமும் பூச ஒரு பூசாரி வெக்கோணும்."

டேப் ஒட்டியதும் நான்கும் ஒன்றாக முனகின. முனகலா அது, நாதஸ்வரம்! பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பழைய டிஸ்க், கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொடுத்து முடித்தது. சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு கல்யாணத்தைத் திறந்தார். காங்கேயத்து மண்டபம். பந்தியில் ஒருவர் கேமராவைக் கண்டதும் ஜாங்கிரியை வாழையிலைக்கு அடியில் தள்ளினார்.

"யாருங்க இவரு?"

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சக்கர வியாதி. ஊட்டுல தெரிஞ்சா கொன்னுபோடுவாங்க, இத அழிச்சுருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாரு."

"அழிக்கறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் கதிரேசன், பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு.