கடைசி அக்காவின் மணிக்கணக்கு

எந்த நாட்டில் வெள்ளம், நிலநடுக்கம் என்றாலும் ஆள் அனுப்பும் தொண்டு அமைப்பு ஒன்றின் கிளையில் பத்தொன்பது ஆண்டுகளாக வருகைப் பதிவேடு எழுதுகிறேன். தொண்டர்கள் வந்ததும் ஒரு கையெழுத்து, போகும்போது ஒன்று. இரண்டும் இருந்தால்தான் அன்றைய மணி கணக்கில் ஏறும். மாலை ஆறுக்குப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

துணி தைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாள் பதினோரு ஆண்டுகளாக இங்கே தொண்டர். எல்லாருக்கும் அவர் 'கடைசி அக்கா'. கிடங்கில் தண்ணீர் டிரம்களைக் கழுவிக் கவிழ்த்து, ஈரக் கூடாரங்களைக் காயப்போட்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாகத்தான் கிளம்புவார்.

"உங்களுக்கு வீடு வாசல் இருக்கா இல்லையாக்கா?" என்று தொண்டர் ஒருத்தி சீண்டினாள்.

"வீட்டுக்குக் கால் முளைச்சா ஓடிடப் போகுது? கூடாரம் காயலைன்னா ஒரே வாரத்துல பூஞ்சை புடிச்சிடும்டி."

அவர் பழக்கிவிட்டவர்களில் நான்கு பேர் குழுத் தலைவர்களாகி வெளிநாடு போய் வந்தார்கள். தலைவராக இரண்டாயிரம் மணி வேண்டும். ஐம்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. அந்த வயதுக்கு நாற்பத்தேழு நாள் இருக்கையில் அவர் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இதை விட்டா அவ்வளவுதான் ஐயா. ஒரு தடவையாவது ஒரு குழுவை நான் கூட்டிக்கிட்டுப் போகணும்."

கூட்டிப் பார்த்தேன். 771 மணி.

வந்த கையெழுத்து 618 நாளுக்கு இருந்தது. போன கையெழுத்து 190 நாளுக்குத்தான். மற்ற நாட்களில் அவர் டிரம் கழுவி முடிப்பதற்குள் நான் பதிவேட்டைப் பூட்டியிருந்தேன்.

"அப்ப மீதி நாளெல்லாம் நான் வரவே இல்லையா?" என்றார். கோபம் இல்லை, அலுப்புதான்.

காவலாளியிடம் சாவிக் குறிப்பேடுகள் உண்டு. கிடங்குச் சாவியைத் திருப்பித் தந்த நேரமும் தந்தவர் கையெழுத்தும் அதில் இருக்கும். ஒன்பது நாள் உட்கார்ந்து அவற்றை என் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். மழையில் நனைந்து எழுத்தழிந்த மூன்று நாட்களைத் தள்ளினேன். மேலும் 1,604 மணி தேறியது. பதிவேட்டை நேரத்தோடு பூட்டியது என் பிழை என்றும் ஒரு வரி சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன்.

ஆறு நாள் மிச்சம் இருக்கும்போது ஒப்புதல் வந்தது.

தலைவியான முதல் நாள், ஆறு அடிக்கும் முன்பே மேசைக்கு வந்து பேனாவை எடுத்தார்.

"டிரம் எல்லாம் ஆச்சா?" என்றேன்.

"அஞ்சு கிடக்கு. இடுப்பு விட்டுப்போச்சு ஐயா. இனிமே நானும் நேரத்தோட வீட்டுக்குப் போறேன்."

5.56 என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். மற்றவர்கள் முன்பே போயிருந்தார்கள்.

நான் கிடங்குச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது காவலாளி என் நனைந்த வேட்டியைப் பார்த்தார். "என்ன சார், இன்னைக்கு நீங்கதான் கடைசி அக்காவா?"

சாவிக் குறிப்பேட்டில் 7.20 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திரும்பி வந்து பதிவேட்டைப் பூட்டியபோது மணி 7.24.