இரு தோளுக்கும் இரண்டு எண்கள்

தையல்காரரான அந்தப் பெண்மணியை நான் முதன்முதலில் கண்டது இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் மழைக்காலத்தில். டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை; அதில் ஒரு வெட்டுமேசை, இரண்டு தையல் இயந்திரங்கள், நனைந்த குடைகளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளி. மழைக்கோட்டின் கையைச் சரிசெய்து வாங்கப் போயிருந்தேன். என் பையிலிருந்து எட்டிப்பார்த்த விடைத்தாள்களை அவர் ஒருமுறை பார்த்தார். நாடாவை என் வலத்தோளில் வைத்து ஓர் எண்ணை எழுதினார். இடத்தோளில் வைத்து வேறோர் எண்ணை எழுதினார்.

“எல்லாரும் ஒரு பக்கம்தானே அளப்பாங்க?” என்றேன்.

“அவங்க பாதி ஆளுக்குத் தைக்கிறாங்க, டீச்சர். நீங்க முழுசாத்தானே வந்திருக்கீங்க?”

சீருடை தைக்கும் ஆலையொன்றில் பதினெட்டு ஆண்டுகள் துணி வெட்டியவர் அவர். அங்கே மனிதர்கள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றே வகை. அந்த வேலையை விட்டுத் தனியே கடை வைத்தபோது, முதல் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அக்கா. அக்கா வேறொரு நாட்டில் அஞ்சலகக் கவுண்டரில் பணிபுரிந்தார். தங்கைக்கு மணமாகவில்லை, உறவென்று சொல்ல அக்கா ஒருவரே.

எங்கள் பழக்கம் முதிர்ந்த பின்னர், மேசையின் ஓரத்தில் ஒரு கணினி வந்து சேர்ந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அதில் பயன்படுத்தினார். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உடலளவுகளைக் கொடுத்தால், சட்டைக்குரிய வரைபடத்தை வீட்டிலேயே அச்சிடத் தக்க தாள்களாகப் பிரித்துக் கொடுக்கும். தாள்களை ஒட்டித் துணிமேல் விரித்து வெட்ட வேண்டியதுதான். குறை ஒன்றே: அது பாதி உடலைத்தான் கேட்கும். மறுபாதியைக் கண்ணாடி போலத் தானே வரைந்துகொள்ளும்.

அக்காவுக்கு இடமார்பை அகற்றிய ஆண்டில்தான் அந்தக் குறை அவருக்குச் சுமையாயிற்று. சிகிச்சைக்குப் பின் அக்காவின் இடக்கை வீங்குவதும் வடிவதுமாக இருந்தது. தங்கை கையால் வரைந்து அனுப்பிய தாள்கள் அஞ்சலில் போய்ச் சேர மூன்று வாரமாகும். அதற்குள் அளவு மாறிவிடும். விடுப்பு முடிந்து அக்கா கவுண்டருக்குத் திரும்ப ஏழு மாதங்களே இருந்தன.

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அக்காவின் குரலை நானும் கேட்டிருக்கிறேன். “சட்டை ஒரு பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுடி. வர்றவன் தபால்தலையைப் பாப்பானா, என்னைப் பாப்பானா? இப்படியே அங்க போய் உக்கார மாட்டேன்.”

“உக்கார வைக்கிறேன், பொறு.”

அக்காவே அன்றன்றைய அளவைக் கொடுத்து, அங்கேயே அச்சிட்டு, அக்கம்பக்கத்தில் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மென்பொருள் இரு பக்கங்களையும் தனித்தனியே கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை அவர் சொல்லச் சொல்ல, மென்பொருளின் பயனாளர்கள் கூடும் பொதுப்பக்கத்தில் நான் எழுதினேன்.

அம்மென்பொருளைப் பேணிவந்த நிரலர், பகலில் தண்ணீர்த்தொட்டிகளை வடிவமைப்பவர். ஓய்வுநேரத்தில் செய்தால் இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றும், ஊதியமில்லா விடுப்பு எடுத்தால் மூன்று மாதத்தில் முடியும் என்றும் பதில் எழுதினார். அந்த மூன்று மாதத்து ஊதியத்தைப் பயனாளர்கள் திரட்டித் தர வேண்டும். அவர்களுடைய விதி ஒன்று உண்டு: கோரியவர் புதிய வசதியைக் கொண்டு ஓர் ஆடை தைத்து, உடுத்திப் பார்த்து, ‘பொருந்துகிறது’ என்னும் பொத்தானை அழுத்தினால்தான் திரண்ட தொகை நிரலரைச் சேரும்.

தொகை மெல்லத்தான் ஏறியது. ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி ஒருவர், முதலில் சட்டைப்பைகளை மேம்படுத்த வேண்டும் என்று தனி அணி திரட்டினார்.

“பாக்கெட் கட்சி இன்னிக்கு நம்மள முந்திடுச்சு, டீச்சர்,” என்பார் இவர். “ஆம்பளைங்களுக்கு அப்படி என்னதான் இருக்கு உள்ள வைக்க?”

நான்காம் மாதத்தில் தொகை நிறைந்தது. மாலுமியும் தம் பங்கைச் சேர்த்திருந்தார். நிரலர் விடுப்பெடுத்தார். அவர் பணியைத் தொடங்கிய ஒன்பதாம் வாரத்தில் அக்கா காலமானார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்ததை அவர் தங்கையிடம் சொல்லவேயில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்திருந்தது. நான் போனபோது யாருடைய கால்சட்டைக்கோ கால் மடித்துக்கொண்டிருந்தார். “உக்காருங்க, டீச்சர். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க,” என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் நான்கு கால்சட்டைகளை முடித்தார். வேறு எதுவும் நிகழவில்லை.

பொதுப்பக்கத்தில் அவர் இதைத் தெரிவிக்கவில்லை. நிரலரின் சோதனைப் பதிப்பு சொன்ன நாளில் வந்தது. அக்கா கடைசியாகச் சொல்லியிருந்த அளவுகளைக் கொடுத்து, இருபத்தேழு தாள்களை அச்சிட்டு ஒட்டி, வெட்டித் தைத்தார். வெளிர்நீலச் சட்டை. அதைச் சுவரிலிருந்த கொக்கியில் மாட்டினார். பொத்தானை அழுத்தவில்லை.

நிரலர் இருமுறை பணிவாகக் கேட்டார். ஐந்தாம் வாரத்தில், ஊதியமின்றி நாளாகிவிட்டதென்றும் குறையிருந்தால் சொல்லும்படியும் எழுதினார்.

“அழுத்திடுங்களேன்,” என்றேன். “அவருக்கும் குடும்பம் இருக்குமில்ல? நீங்க தைச்சது சரியாத்தானே இருக்கும்?”

“கொக்கியில மாட்டின சட்டை எல்லாமே சரியாத்தான் இருக்கும், டீச்சர்.” அவர் ஊசியில் நூலைக் கோத்தார். “உடம்புல பாக்காம பொருந்துதுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“அப்ப அவர் என்ன பண்ணுவார்?”

அவர் நெடுநேரம் தைத்தார். பிறகு, “சரி, எழுதுங்க,” என்றார். “போட்டுக்கறதுக்கு இருந்த ஆள் செத்துப்போச்சு. வேற யாராவது போட்டுப் பாத்துச் சொன்னா அழுத்தறேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் சேர்க்காதீங்க.”

எழுதினேன். மறுநாள் பக்கத்தில் இரங்கற்செய்திகள் நிறைந்திருந்தன. அவர் அவற்றைப் படிக்கவில்லை. தொலைதூர ரயிலில் பயணச்சீட்டைப் பரிசோதிக்கும் ஒரு பெண்ணின் செய்தியை மட்டும் நான் படித்துக் காட்டினேன். “எனக்கும் இடப்பக்கம்தான், தங்கச்சி. கையும் வீங்கும். நான் போட்டுப் பாக்கறேன்.”

“முன்னாடி, பின்னாடி, கையைத் தூக்கி, உக்காந்து, நாலு படம் வேணும்னு சொல்லுங்க,” என்றார்.

பன்னிரண்டு நாளில் நான்கு படங்களும் ஒரு குறிப்பும் வந்தன. “கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்குது. மத்தபடி, மூணு வருஷத்துல இப்பத்தான் சட்டையும் நானும் ஒரே இடத்துல இருக்கோம்.” இவர் மூன்றாம் படத்தைப் பெரிதாக்கி, மடிப்பு எங்கே விழுகிறது என்று நாடாவின் நுனியால் திரையில் தொட்டுக் காட்டினார். கைத்துளையை அரை சென்டிமீட்டர் இறக்கும்படி நிரலருக்கு எழுதினோம். அவர் அன்றே இறக்கினார். பரிசோதகர் மீண்டும் தைத்து, மீண்டும் படம் அனுப்பினார். மடிப்பு இல்லை.

“பொருந்துது,” என்றார் இவர்; பொத்தானைத் தாமே அழுத்தினார். பிறகு கடையைப் பெருக்கினார்.

அந்த வசதியை இப்போது பலர் பயன்படுத்துகிறார்கள். நன்றி சொல்லி வருபவற்றுக்கு அவர் பதிலளிப்பதில்லை. மாலுமியின் சட்டைப்பைகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு இவரும் பங்களித்தார்.

அடுத்த ஆண்டின் கோடையில் ஒரு நாள் அவர் என்னை அழைத்தார். மென்பொருளைத் திறந்ததும், அளவெடுத்து ஓராண்டு கடந்தவர்களின் பெயர்களைக் காட்டி, ‘இந்த அளவுகள் பழையவை, புதிதாக எடுக்கிறீர்களா?’ என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பெயர் அக்காவினுடையது. பதினோரு நாள்களாக அவர் நாள்தோறும் ‘பிறகு’ என்பதை அழுத்திவந்திருக்கிறார். பொதுப்பக்கத்தில் அவர் கேட்டவற்றுள் இறுதியானது அன்று அவர் சொல்லி நான் எழுதியது.

“ஒரே ஒரு பேருக்கு மட்டும் அந்தக் கேள்வி வராம பண்ண முடியுமான்னு கேளுங்க, டீச்சர். அளவு அப்படியே இருக்கட்டும்.”