குதிகால் வலிக்கு நான் பார்த்த கல் வைத்தியம்

குதிகால் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையைக் கூழாங்கல் மேல் நடக்க வைத்த புத்திசாலி நான். போன வருடம், ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்த கூத்து இது.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி ஓட்டக் குழுவில் இருந்தாள். மாவட்டப் போட்டியில் ஓடியே தீருவேன் என்று தினமும் பயிற்சி. அந்த வருடம் கிடுகிடுவென்று வளரவும் செய்தாள். கொஞ்ச நாளில், பயிற்சி முடிந்து வரும்போதெல்லாம் குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தாள்.

டாக்டரைக் கேட்டேனா? நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீக்கடைக் கூட்டாளிகளைக் கேட்டேன். எல்லோருக்கும் முழங்கால் வலி; ஆனால் வைத்தியம் சொல்வதில் எல்லோரும் கில்லாடிகள்.

"பார்க்குல ரிஃப்ளெக்ஸாலஜி கல்லு பதிச்சிருக்கான்ல, அதுல நடக்க விடு லா. நரம்பெல்லாம் தொறந்துக்கும்."

சாயங்காலமானால் பெரியவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற பாதை அது. அதில் மகளை இறக்கிவிட்டேன். போட்டிக்குப் போக வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். துணைக்கு இறங்கிய நானோ, இரண்டு எட்டு வைப்பதற்குள் "ஐயோ" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த சீன அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த வாரமே மகள் நொண்ட ஆரம்பித்தாள்.

மனைவிதான் எங்கள் இருவரையும் பிசியோவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் குதிகாலை இரண்டு பக்கமும் லேசாக அழுத்தியதும் மகள் துள்ளிவிட்டாள்.

"அண்ணே, வளர்ற பிள்ளைங்களுக்கு குதிகால் எலும்போட பின்பக்கம் இன்னும் இளசா இருக்கும். ஓடி ஓடி, கெண்டைக்கால் தசை அதைப் பிடிச்சு இழுக்குது. வளர்ந்து முடிஞ்சா தானா சரியாயிடும். இப்போதைக்கு ஓடுறது, குதிக்கிறது ரெண்டும் வேணாம். கல்லும் வேணாம் லா!"

மாவட்டப் போட்டி கைவிட்டுப் போனது. வழியெல்லாம் மகள் அழுதுகொண்டே வந்தாள். வீட்டு வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருசக் கடைசியில இன்னொரு ரேஸ் இருக்கு. அதுல ஓடுறேன்" என்றாள்.

அன்று முதல் வீடே பயிற்சிக்கூடம் ஆனது. பயிற்சிக்குப் பிறகு துணியில் சுற்றிய ஐஸ், காலில் போடும் சப்பாத்துக்குள் மெத்தென்ற பேட், ஓட்டத்துக்குப் பதில் நீச்சல். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சிக்கு நானும் கூட்டு. சுவரும் அசையவில்லை, என் தொந்தியும் அசையவில்லை. வலி போன பிறகுதான் மெதுவாக ஓட விட்டோம். திரும்ப வலித்தால் அன்றைக்கு நிறுத்தம். சிணுங்கினாள், ஆனால் ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

வருடக் கடைசியில் ஓடினாள். நான்காவதாக வந்தாள். குதிகாலை அழுத்தமாகத் தரையில் ஊன்றி அவள் என்னை நோக்கி நடந்து வந்ததுதான் எனக்குத் தங்கப் பதக்கம்.

இப்போதும் அந்தக் கல் பாதையைத் தாண்டும்போதெல்லாம், பிள்ளை சொல்வதை முதலில் காதில் வாங்க வேண்டும் என்ற நினைப்பு வரும். ஓடி முடித்த அன்று தண்ணீர்ப் போத்தலை என் கையில் திணித்துக்கொண்டே அவள் சொன்னது அப்படி:

"பா, கால் என்னோடது. அடுத்த வாட்டி வலிச்சா என்னைக் கேளுங்க, உங்க கூட்டாளிங்களைக் கேக்காதீங்க."