பட்டியலில் முதலில் இருந்த காரணம்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் பில் போடுபவருக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருமண், சட்டைப்பையில் சிவப்புப் பேனா. தவறு நேர்ந்துவிடக் கூடாதென்று, பில்லைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்காட்டுவார்.

மூன்றாம் மாதத்தில் என் மகளுக்கு டாக்டர் எழுதிய ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். என்ற பால்வினை நோய்ப் பரிசோதனையும் ஒன்று. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுதான். மருமகனின் கம்பெனி இன்சூரன்சுக்காக, எதற்காக எடுத்தது என்று பில்லில் குறியீடு போட வேண்டும்.

அவர் படித்தார்: “காரணம், பால்வினை நோய் சந்தேகம்.”

பக்கத்தில் சம்பந்தியம்மாள் நின்றிருந்தார். அன்று மாலையே மகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் பில் போடுபவரிடம் போய் நடந்ததைச் சொல்லி அழுதேன்.

“லிஸ்ட்ல அதாம்மா முதல்ல வருது. எல்லாருக்கும் அதான் போட்டுக்கினு இருக்கேன். ரிசல்ட் நெகடிவ்தானே, அப்புறம் என்னாம்மா?”

காரணத்தைக் கர்ப்பகாலப் பரிசோதனை என்று மாற்றி, ஒரே நிமிடத்தில் புதுப் பில் கொடுத்தார். சம்பந்தியம்மாள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“கேட்டா எப்படி வேணும்னாலும் எழுதிக் குடுப்பாங்கமா,” என்றார்.

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. போன வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்காக அங்கேயே போனோம். பில் போடுபவர் மகளைப் பார்த்துச் சிரித்து, “எப்பவும் அம்மாதான் வராங்களா? வூட்டுக்காரர் வரலியாமா?” என்று அன்பாகக் கேட்டார்.

நான் வந்து அழுததை அவர் மறந்தே போயிருந்தார்.