திரைக்குள் இருந்த கணினி

என் மருமகன் சென்னையில் மென்பொருள் எழுதுகிறவர். பூட்டி அனுப்பப்படும் இணையச் செய்திகளைச் சோதித்துப் பார்க்க, ஊர்க் கணினிகளில் இருக்கும் ரூட் சான்றிதழ்களைத் திரட்டி அனுப்பச் சொன்னார். யார் போட்ட பூட்டை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்பவை அவை. உத்திரமேரூர் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

அங்கே ஆறு கணினிகள். ஐந்தில் தலா நூற்றாறு சான்றிதழ்கள், ஆறாவதில் நூற்றேழு. திரும்ப எண்ணியும் அதேதான். கூடுதலான ஒன்று அந்தக் கடையின் பெயரிலேயே இருந்தது. அந்தக் கணினி, பெண்களுக்கென்று திரை போட்டு ஒதுக்கிய மூலையில் இருந்தது.

“இது இன்னாப்பா?” என்று கடைக்காரனைக் கேட்டேன்.

“நானே செஞ்சு போட்டது சார்,” என்று குரலைத் தாழ்த்தினான். “அது இருந்தா, பூட்டின மெயில்கூட என் மெஷின்ல தொறந்துக்கும். பொண்ணுங்க இன்னா எழுதிக்கினு கீதுங்கன்னு பாப்பேன். சும்மா டைம்பாஸ்.” சிரித்தான்.

பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள், அந்தத் திரைக்குள் உட்கார்ந்துதான் மூன்று மாதம் கணவருக்கு எழுதினாள். பத்திரமான இடம் என்று நானே கூட்டிப்போய் விட்டேன்.

அப்போது ஒரு பெண் கடைக்குள் வந்தாள். “அங்க உக்காராதம்மா, நீ எழுதறத இவன் படிக்கிறான்,” என்று சத்தமாகச் சொன்னேன். அவள் வாசலோடு திரும்பிப் போனாள்.

“யோவ் பெருசு, பொழப்புல மண்ணப் போடறியா?” என்று கத்தினான்.

மருமகனுக்கு எல்லாவற்றையும் அனுப்பி, அந்த ஒன்று எதற்கு என்பதையும் எழுதினேன். மகளிடம் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. அடுத்த முறை வந்தபோது அவள் இன்லண்ட் லெட்டர் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் எழுதி ஒட்டி முடிக்கும்வரை நான் வீட்டுக்குள் போகவில்லை.