சீட்டு கிடைக்காத செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரருக்குப் பல் வலி வந்தபோது நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் என்றுதான் எங்களைப் பற்றி எல்லாரும் சொன்னார்கள். என்ன சொந்தம்? நான் பிறந்தது டர்பன் பக்கம் நேட்டாலில், ஒரு கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில். அவர் பிறந்ததும் அங்கேதான். எங்கள் இரண்டு பேரையும் பெற்றவர்கள் கூலிக்குக் கப்பலேறிப் போனவர்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இனாம், கையிலும் கொஞ்சம் காசு என்று அங்கே சர்க்கார் ஆள் வந்து ஆசை காட்டினான். நான் மயங்கிப்போனேன். அவருக்கு இஷ்டமே இல்லை. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

டர்பனில் ஒரு பெரிய ஓட்டலில் வெயிட்டராக இருந்தவர் அவர். வெள்ளை உடுப்பும் இடுப்பில் சிவப்புப் பட்டையுமாக மேஜை மேஜையாகப் போய் இங்கிலீஷில் பேசுவார். இங்கே வந்ததும் ஏதாவது கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும் என்று நான் கோட்டை கட்டியிருந்தேன். கிடைத்தது துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டடி அறையில் குடியிருந்தோம். எங்கள் தமிழைக் கேட்டால் சந்தே சிரிக்கும். அடுத்த அறையில் ஒரு பாய் வீட்டம்மா இருந்தாள். அவள் புருஷனும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தான். அவளும் சிரிப்பாள், ஆனால் சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் குழம்பைக் கொண்டுவந்து வைப்பாள்.

பல் வலி இடது பக்கம், கீழ் வரிசையில், கடைசிப் பல்லில். முதலில் கிராம்பை வைத்துக் கடித்தார். பிறகு உப்புத் தண்ணீர். பாய் வீட்டம்மா கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னாள். பிடித்தால் பல்லைத் தின்கிற புழு விழும் என்றாள். புகை பிடித்து முடிந்ததும் தட்டில் வெள்ளையாக ஏதோ இரண்டு கிடந்தது. அவள் போன பிறகு அதை விரலால் நசுக்கிப் பார்த்து, "விதைதான்" என்று சொல்லிச் சிரித்தார். வலி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் கன்னம் வீங்கிவிட்டது. அந்தக் கன்னத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், ஏனென்றால் போகாத நாளுக்குக் கூலி கிடையாது.

துறைமுகத்தில் யாரோ வழி சொன்னார்கள். ஒரு சேட்டு தர்மத்துக்கு ஆஸ்பத்திரி நடத்துகிறார், செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பல் டாக்டர் வருகிறார், ஏழைகளுக்குக் காசு கிடையாது. அந்த ஆஸ்பத்திரியும் இன்று இல்லை, சேட்டும் இல்லை. இருந்தாலும் பேர் சொல்லப்போவதில்லை.

நேட்டாலில் இந்தியர் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. குளித்து, சலவைத் துணி உடுத்தி, ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் இருக்கிற வெள்ளைக்கார நர்ஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே விரட்டுவாள். என்னைப் பெற்றவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவளுக்குத் தலைவாரிப் பூவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனோம். உடம்பு எப்படி இருந்தாலும் உடுப்பு ஒழுங்காக இருந்தால்தான் மனுஷனாக மதிப்பார்கள் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன பாடம்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்தேன். கழுத்துப் பட்டை, தொப்பி, ஷூ எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வேலைத் துணியிலேயே போய்விட்டு வரலாம் என்று அவர் சொன்னார். நான் ஒரேயடியாக மறுத்து, ஷூவுக்கு என் கையாலேயே பாலிஷ் போட்டேன். நானும் கப்பலில் கட்டின பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு குதிகால் உயர்ந்த ஷூவை மாட்டிக்கொண்டேன். சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பாய் வீட்டம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மே, எதுனா கண்ணாலத்துக்குப் போய்கினு கீறீங்களா?"

எனக்கு ஒரே பெருமை. மடச்சி நான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நூறு பேர் தரையில் குந்தியிருந்தார்கள். சீட்டு எழுதுகிற குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். 'சார்' என்றான். தரையில் உட்கார விடாமல் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிவரச் சொன்னான். நான் அவரைப் பார்த்து, எப்படி என் யோசனை என்பது போலக் கண்ணைக் காட்டினேன். ஒரு மணி நேரம் அந்தப் பெஞ்சில் ராஜா ராணியாக உட்கார்ந்திருந்தோம். தரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சீட்டு வாங்கி உள்ளே போனார்கள்.

கடைசியில் குமாஸ்தா எங்களிடம் வந்தான். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னான், அதைச் சொல்லியாக வேண்டும். இது ஏழை பாழைகளுக்கான இடம், உங்களைப் போன்றவர்களுக்கு மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்கார டாக்டர் இருக்கிறார், உங்களுக்குச் சீட்டு எழுதினால் சேட்டு என் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்றான். தான் மூட்டை தூக்குகிறவன் என்று இவர் சொன்னார். தமிழில் சொன்னபோது குமாஸ்தாவுக்கு அந்தத் தமிழே புரியவில்லை. இங்கிலீஷில் விளக்கினார். வினை அதில்தான். இப்படி இங்கிலீஷ் பேசுகிறவர் மூட்டை தூக்குவதாவது என்று குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கோட்டைக் கழற்றித் தோளில் காய்த்துப்போயிருந்த இடத்தைக் காட்டியிருந்தால் போதும். அது எனக்கு வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது.

மவுண்ட் ரோட்டுக்கும் போனோம். அங்கே வாசலில் இருந்த சேவகனே கட்டணத்தைச் சொன்னான். அதைக் கேட்டதும் இவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். ராயபுரம் வரைக்கும் அந்த ஷூவோடு வெயிலில் நடந்தோம்.

நடந்ததைக் கேட்டதும் பாய் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பட்டுப் பொடவ கட்னவளுக்கு எவன்மே தர்மச் சீட்டு குடுப்பான்? கிழிஞ்சத கட்டிக்கினு, வெறுங்கால்ல போயி, அயுதுகினு நில்லு. அப்பதான் குடுப்பான்" என்றாள். தன் பழைய புடவை ஒன்றையும் எடுத்து வந்து என் மடியில் போட்டாள். ஆனால் டாக்டர் இனி அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சை எடுத்தேன். போன செவ்வாய் வேலைத் துணியிலேயே போகலாம் என்றவர், இப்போது அந்தக் குமாஸ்தா முன்னால் அழுதுகொண்டு நிற்க வர மாட்டேன் என்றார். பதினைந்து வருஷம் வெள்ளைக்காரன் மேஜைக்குப் பக்கத்தில் முதுகு வளையாமல் நின்றவர் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் உங்களை வேஷம் போடச் சொன்னது, கிழிந்த வேட்டிதானே தினம் கட்டிக்கொண்டு போகிறீர்கள், அதோடேயே வாருங்கள் என்று கத்தினேன். அவர் வீங்கின கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"வேஷமா இருந்தா வருவேன். அது வேஷம் இல்லையே. அதான் வரலை."

விட்டுவிட்டேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் நேரே டோல்கேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே ரோட்டோரத்தில் கோணி விரித்து, பிடுங்கின பற்களைக் குவியலாகக் காட்சிக்கு வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் யாருக்கும் சீட்டு கேட்பதில்லை. குறடு போட்டு இழுத்ததில் பல் மேலே முறிந்துவிட்டது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. முறிந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, முழுசும் வந்துவிட்டது என்று அனுப்பியிருக்கிறான் பாவி. இவரும் நம்பி வீட்டுக்கு வந்து, தீர்ந்தது போ என்று என்னிடம் காட்டினார். செவ்வாய்க்கிழமை வலி குறைந்தது மாதிரிதான் இருந்தது. வேலைக்குக்கூடப் போனார். நாங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்க முடியவில்லை. கஞ்சியைத் துணியில் நனைத்துப் பல்லிடுக்கில் பிழிந்தேன், அது கடைவாயில் வழிந்தது. வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாரைக் கேட்பது என்று எனக்கு ஒரு இழவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தாழ்வாரமும் அந்தச் செவ்வாய்க்கிழமையும்தான். அதுவரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பாய் வீட்டம்மாவின் புருஷன் ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். அவர் மேலே ஒரு பழைய துப்பட்டி, கீழே அழுக்கு வேட்டி. நான் அவள் கொடுத்த புடவையில், வெறுங்காலோடு இருந்தேன். அதே குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேரைக் கேட்டான், பெரிய புத்தகத்தில் எழுதினான், சீட்டைக் கிழித்து நீட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. சீழ் உள்ளே இறங்கிவிட்டது என்றார். என் மேல் எரிந்து விழுந்தார். ஒரு பல்தானே, இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்துப் போட்டிருப்பேனே, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார்.

வந்தோம் என்று சொன்னேன். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் இங்கேதான் வந்தோம், சீட்டு கிடைக்கவில்லை என்றேன். டாக்டர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அவன் புத்தகத்தோடு வந்து பக்கத்தைத் திருப்பி விரலை ஓட்டினான். சீட்டு வாங்கினவர்கள் பேரைத்தான் அந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள்.

"பேர் இல்லீங்க, டாக்டர். இவங்க வரலை" என்றான்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. பட்டுப் புடவையும் ஷூவுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தெரிந்துவிடும். பட்டுப் புடவை வைத்திருக்கிறவளுக்கு இந்தச் சீட்டு எதற்கு என்று அதையும் பிடுங்கிக்கொண்டால்? என் கை சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வந்தாயா இல்லையா என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"வரலைங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர், அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் நினைவோடுதான் படுத்திருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். டாக்டர் சீட்டின் பின்புறம் ஏதோ எழுதி, உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். வியாழக்கிழமை காலையில் போய்விட்டார். அதுவரைக்கும் அந்தத் தாடை திறக்கவில்லை. ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை.